மழை கூடுதா, மழையோட போக்கு மாறுதா? வாசகர் கேள்வி பதில்

இந்த வாட்டி முழுக்க பருவநிலை மாற்றம், மழை, வெள்ளம் பத்தி மட்டும்தான். பல பேர் ஒரே சந்தேகத்த வேற வேற மாதிரி கேட்டிருந்தீங்க, அதையெல்லாம் சேர்த்து ஒண்ணாக்கியிருக்கேன். பேர், ஊர் எதுவும் போடல.

கேள்வி: பூமி சூடாகுதுன்னா தண்ணி வத்திப்போய் வறட்சிதானே வரணும்? மழை எப்படி சார் கூடும்? ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இடிக்குதே.

பதில்: இடிக்கற மாதிரிதான் தெரியும், ஆனா ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான். சூடு ஏற ஏற கடல்ல இருந்தும் மண்ணுல இருந்தும் செடிகொடில இருந்தும் தண்ணி வேகமா ஆவியாகும். ஆவியான தண்ணி எங்க போகும், காத்துலதான் நிக்கும். காத்துல எவ்வளவு நீராவி நிக்க முடியும்ங்கறது அதோட சூட்ட பொறுத்தது, ஒரு டிகிரி செல்சியஸ் கூடினா சுமார் 7 சதவீதம் அதிகமா நிக்கும். இது இப்ப யாரோ கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்து சொன்ன கதை இல்லீங்க, கிளாசியஸ், கிளாபெய்ரான்னு ரெண்டு விஞ்ஞானிங்க பேர்ல 19ஆம் நூற்றாண்டுலயே வந்த இயற்பியல் விதி. 1850-1900 காலத்தோட ஒப்பிட்டா 2011-2020ல பூமியோட சராசரி வெப்பநிலை 1.1 டிகிரி ஏறியிருந்துச்சு, 2024ங்கற ஒரு வருஷத்த மட்டும் எடுத்தா 1.5 டிகிரியவே தாண்டிடுச்சு, அப்ப நம்ம தலைக்கு மேல இருக்கற காத்துல தாத்தா பாட்டி காலத்த விட கூடுதலா தண்ணி ஏறி நிக்குதுன்னு அர்த்தம்.

மழை மேகம் கட்டும்போது அது சுத்துவட்டாரத்து ஈரக்காத்த எல்லாம் இழுத்து மேல கொண்டு போகும், அந்த காத்துல நீராவி கூட இருந்தா கீழ கொட்டறதும் கூடத்தான் இருக்கும். இதுல இன்னொரு சங்கதி இருக்கு, நீராவி குளிர்ந்து திரும்ப தண்ணியாகும்போது, ஆவியாக வாங்கின வெப்பத்த எல்லாம் வெளிய விடும், அந்த வெப்பம் மேகத்த இன்னும் வேகமா மேல தள்ளும், மேகம் இன்னும் ஈரக்காத்த இழுக்கும், இப்படி ஒண்ணு ஒண்ண ஏத்திவிட்டு போயிட்டே இருக்கும். அதனாலதான் ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரம் வெளுத்து வாங்கற மழையில சில இடங்கள்ல அந்த 7 சதவீதத்துக்கும் மேலயே ஏத்தம் தெரியுது.

கேள்வி: அப்ப வருஷத்துக்கு பெய்யற மொத்த மழையும் 7 சதவீதம் கூடிடுமா? விவசாயத்துக்கு நல்லதுதானே?

பதில்: கூடாது. தயவுசெஞ்சு இந்த பதில மட்டும் நிதானமா படிங்க, மத்த எல்லா பதிலும் இதுலதான் வந்து நிக்கும்.

உலகம் பூரா பெய்யற மொத்த மழை ஒரு டிகிரிக்கு 1 முதல் 3 சதவீதம் வரைக்கும்தான் கூடும்னு ஐபிசிசி, அதாவது பருவநிலை மாற்றத்த ஆராயற ஐ.நா. குழுவோட அறிக்கை சொல்லுது. ஏன்னா மழை பெய்யும்போது வெளிய வர்ற வெப்பத்த வளிமண்டலம் எப்படியாவது விண்வெளிக்கு அனுப்பியாகணும், அது அனுப்பற வேகத்துக்கு ஒரு எல்லை இருக்கு, அந்த எல்லைய தாண்டி மொத்த மழை கூட முடியாது. இப்ப நீங்களே யோசிங்க, பலமா பெய்யற நாள்ல மழை 7 சதவீதம் கூடுது, ஆனா மொத்தம் 2 சதவீதம்தான் கூடுது, அப்ப மீதி நாள்ல மழை அந்த அளவு கூடாம இருந்தாலோ குறைஞ்சாலோதானே கணக்கு சரியா வரும்? அதுதான் நடக்குது. காத்துங்கற குடத்த பெருசாக்கிட்டோம், நிரம்ப கூட நேரம் ஆகுது, ஆனா கவிழ்ந்தா ஒரேயடியா கொட்டிடுது.

இது வெறும் கணிப்பு இல்ல, அளந்து பார்த்த விஷயம். மத்திய இந்தியாவுல 1950ல இருந்து 2015 வரைக்கும் உள்ள மழைப் பதிவ ஆராய்ஞ்சு பார்த்தாங்க, பருவமழையோட மொத்த அளவு குறைஞ்சிருக்கு, ஆனா பரவலா பேய்மழை அடிக்கற சம்பவங்கள் மூணு மடங்கு ஆயிருக்கு. ஒரே இடம், ஒரே பருவம், மொத்தம் குறைவு, கொட்டறது மட்டும் கூட. விவசாயிக்கு இது நல்லது இல்லீங்க. மெல்ல மெல்ல நாலு நாள் பெய்யற 100 மி.மீ. மண்ணுக்குள்ள இறங்கும், அதே 100 மி.மீ. மூணு மணி நேரத்துல விழுந்தா மேல் மண்ணையும் சேர்த்து வாரிக்கிட்டு ஓடிடும், அப்புறம் அடுத்த மழைக்கு இருபது நாள் வானத்த பார்த்துட்டு நிக்கணும், அந்த இருபது நாளும் வெயில் முன்ன விட கடுமையா இருக்கறதால மண்ணு இன்னும் சீக்கிரம் காஞ்சிடும். முதல் கேள்விக்காரர் கேட்ட வறட்சியும் வெள்ளமும் ஒரே வருஷத்துல ஒரே இடத்துல வந்து நிக்கறது இப்படித்தான்.

இடத்துக்கு இடம் வித்தியாசமும் இருக்கு. துருவங்களை ஒட்டின பகுதி, பூமத்திய ரேகையை ஒட்டி பசிபிக் கடல், பருவமழை பெறும் நாடுகள்ல பல இடம், இங்கெல்லாம் இதுவரைக்கும் எப்படி இருந்தாலும் இனி மொத்தமும் கூடும்னு கணிப்பு. மத்தியதரைக்கடல சுத்தி, தென்னாப்பிரிக்காவோட தென்மேற்கு, ஆஸ்திரேலியாவோட தென்மேற்கு, இங்கெல்லாம் மொத்தம் குறையும். ஆனா மொத்தம் குறையற மத்தியதரைக்கடல் ஓரத்துலதான் ஸ்பெயினோட வாலென்சியா பகுதி இருக்கு, 2024 அக்டோபர் 29ல அங்க துரீஸ்ங்கற ஊர்ல ஒரே நாள்ல 771 மி.மீ. கொட்டுச்சு, இருநூறு பேருக்கு மேல செத்துப் போனாங்க. மொத்தம் குறையற ஊருன்னா வெள்ளம் வராதுன்னு நினைச்சிடக்கூடாது.

கேள்வி: ஏழு சதவீதம் எல்லாம் ஒரு விஷயமா? 100 மி.மீ. பெய்யற இடத்துல 107 பெய்யும், அவ்வளவுதானே.

பதில்: மழைய மட்டும் பார்த்தா அவ்வளவுதான். வெள்ளம்ங்கறது பெய்ஞ்ச மழை இல்லீங்க, வழிஞ்ச மழை. ஒரு தெருவோட வடிகால் மணிக்கு 50 மி.மீ. மழைய வாங்கிக்கும்னு வைங்க. 60 மி.மீ. பெய்ஞ்சா 10 மி.மீ. தெருவுல நிக்கும். இப்ப மழை 10 சதவீதம் கூடி 66 ஆச்சுன்னா, நிக்கறது 16. மழை கூடினது 10 சதவீதம், தெருவுல நின்ன தண்ணி கூடினது 60 சதவீதம். வடிகால், மண்ணு, ஏரி, ஆத்தங்கரை எல்லாத்துக்கும் ஒரு கொள்ளளவு இருக்கு, அது நிரம்பினதுக்கு அப்புறம் வர்ற ஒவ்வொரு துளியும் வீட்டுக்குள்ளதான் வரும்.

கேள்வி: எந்த ஊர்ல வெள்ளம் வந்தாலும் உடனே பருவநிலை மாற்றம்னு சொல்லிடறாங்க. ஏரிய தூர்த்து வீடு கட்டினவன், வடிகால தூர் வாராதவன் எல்லாம் தப்பிச்சிக்கறதுக்கு இது ஒரு சாக்கு இல்லையா?

பதில்: உங்க கோவம் நியாயமானது, நானும் அதே கோவத்தோடதான் இருக்கேன். ஆனா அதுக்காக பருவநிலை மாற்றமே பொய்னு போயிடக்கூடாது, ரெண்டையும் பிரிச்சு பார்க்கணும், மழைக்கு எது காரணம், அந்த மழை வெள்ளமானதுக்கு எது காரணம்.

முதல்ல மழை. ஒரு குறிப்பிட்ட மழைய எடுத்துக்கிட்டு, பூமி சூடாகாம இருந்திருந்தா இது எவ்வளவு பெய்ஞ்சிருக்கும், எத்தனை வருஷத்துக்கு ஒருக்கா வந்திருக்கும்னு பழைய பதிவுகளையும் கணினி மாதிரிகளையும் வச்சு கணக்கு போடறாங்க. வேர்ல்டு வெதர் அட்ரிபியூஷன்னு 2014ல ஆரம்பிச்ச ஒரு விஞ்ஞானிகள் குழு இத சம்பவம் நடந்த சில வாரத்துலயே செஞ்சு வெளியிடறாங்க. 2021 ஜூலைல ஜெர்மனி, பெல்ஜியம் பக்கம் வந்த வெள்ளத்துல இருநூத்துக்கும் மேல செத்தாங்க, அந்த மழைய பருவநிலை மாற்றம் 3 முதல் 19 சதவீதம் வரைக்கும் கூட்டியிருக்குன்னு கணக்கு வந்துச்சு. 2022ல பாகிஸ்தான்ல மூணேகால் கோடி பேருக்கு மேல பாதிக்கப்பட்டாங்க, 1,700 பேருக்கு மேல இறந்தாங்க, சிந்து, பலுசிஸ்தான் மாகாணங்கள்ல அந்த அஞ்சு நாள் உச்ச மழை 50 சதவீதம் வரைக்கும் கூடியிருக்கலாம்னு சொன்னாங்க. கவனிங்க, எங்கயும் "முழுக்க இதனாலதான்"னு அவங்க சொல்றது இல்ல, எவ்வளவு பங்குன்னுதான் சொல்றாங்க. அந்த நேர்மைதான் எனக்கு இந்த ஆய்வுகள் மேல நம்பிக்கை வர்றதுக்கு காரணம்.

இப்ப ரெண்டாவது, வெள்ளம். அமெரிக்காவுல 2017ல ஹார்வி புயல் ஹூஸ்டன் நகரத்த மூழ்கடிச்சுச்சு, ஒரு இடத்துல 1,500 மி.மீ.க்கும் மேல பதிவாச்சு. பருவநிலை மாற்றம் அந்த மழைய சுமார் 15 சதவீதம் கூட்டுச்சுன்னு ஒரு ஆய்வு, அதுக்கும் மேலன்னு இன்னொண்ணு. ஆனா அதே சம்பவத்த வேற ஒரு குழு இன்னொரு கோணத்துல பார்த்தாங்க, அந்த நகரம் கான்கிரீட்டா வளராம பழைய நிலமா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு. நகரமானதால பெருவெள்ளத்துக்கான வாய்ப்பு சராசரியா 21 மடங்கு கூடியிருக்குன்னு வந்துச்சு. இருபத்தோரு மடங்குங்க! 2023 செப்டம்பர்ல லிபியாவோட டெர்னா நகரத்துல ஆயிரக்கணக்கான பேர் ஒரே ராத்திரில போனாங்களே, டேனியல் புயல் கொண்டுவந்த மழை பயங்கரமானதுதான், ஆனா உயிர குடிச்சது 1970கள்ல கட்டி சரியான பராமரிப்பு இல்லாம விட்ட ரெண்டு அணை உடைஞ்சது.

அதனால யாராவது அதிகாரி மைக் முன்னாடி வந்து "எதிர்பாராத மழை, பருவநிலை மாற்றம், என்ன பண்றது"ன்னு சொன்னா நீங்க திருப்பி கேளுங்க, பருவநிலை மாற்றத்த முப்பது வருஷமா விஞ்ஞானிங்க சொல்லிட்டு இருக்காங்களே, அப்ப எதிர்பார்த்திருக்கணும்தானே? மழை கூடும்னு தெரிஞ்சா தண்ணிக்கு இடம் கூட விடணும், இருக்கற இடத்தையும் பட்டா போட்டுட்டு பழிய வானத்து மேல போடக்கூடாது. பருவநிலை மாற்றம் அவங்களுக்கு சாக்கு ஆகாது, அவங்க மேல உள்ள குற்றச்சாட்ட அது இன்னும் கனமாக்கத்தான் செய்யுது.

கேள்வி: எங்க பகுதில வந்தது நூறு வருஷ வெள்ளம்னு சொன்னாங்க. அப்ப இனி என் ஆயுசுல வராதுன்னு எடுத்துக்கலாமா?

பதில்: எடுத்துக்கவே கூடாதுங்க. நூறு வருஷத்துக்கு ஒருக்கா வரும்னு யாரும் முறை வச்சு சொல்லல, எந்த ஒரு வருஷத்துலயும் வர்றதுக்கு நூத்துல ஒரு பங்கு வாய்ப்புன்னு அர்த்தம். போன வருஷம் வந்தாலும் இந்த வருஷம் அதே ஒரு சதவீதம் அப்படியே இருக்கும். முப்பது வருஷ கடன்ல வீடு வாங்கறவருக்கு அந்த முப்பது வருஷத்துக்குள்ள ஒரு தடவையாவது வர்றதுக்கு 26 சதவீதம் வாய்ப்பு, அதாவது நாலுல ஒண்ணு. இதெல்லாம் கூட மழை பழைய மாதிரியே இருக்கும்னு வச்சு போட்ட கணக்கு. சூடு ஏறி அந்த ஒரு சதவீதம் ரெண்டு சதவீதமா ஆச்சுன்னா, முப்பது வருஷத்துக்கு 45 சதவீதம் ஆயிடும்.

இந்த இடத்துல எனக்கு ரொம்ப கவலையா இருக்கறது ஒண்ணு. பாலம், அணையோட மதகு, மழைநீர் வடிகால், எல்லாத்தையும் பழைய மழைப் பதிவ வச்சுத்தான் கட்டியிருக்கோம், இனிமேலும் மழை அப்படியேதான் பெய்யும்ங்கற நம்பிக்கையில. அந்த நம்பிக்கைதான் இப்ப செல்லாம போயிடுச்சு. வீட்டுல பெரியவங்க "இத்தனை வருஷத்துல இங்க தண்ணி வந்ததே இல்ல"ன்னு சொல்வாங்க இல்லையா, அவங்க சொல்றது உண்மைதான், ஆனா அது அவங்க பார்த்த மழைக்கு உண்மை.

கேள்வி: துபாய்ல 2024ல வெள்ளம் வந்தது மேகத்துல மருந்து தூவினதாலதானே? வாட்ஸ்அப்ல வந்துச்சு.

பதில்: இல்லீங்க. ஏப்ரல் 16 வாக்குல ஐக்கிய அரபு அமீரகத்துல ஒரு இடத்துல 24 மணி நேரத்துக்குள்ள 254 மி.மீ. பெய்ஞ்சுது, பக்கத்து நாடான ஓமன்லயும் வெள்ளம் வந்து உயிர் போச்சு. அது அந்த வட்டாரத்தையே மூடின பெரிய மழை அமைப்பு, பல நாள் முன்னாடியே முன்னறிவிப்புல தெரிஞ்ச ஒண்ணு. மேக விதைப்பு, அதாவது நீங்க சொல்ற மருந்து தூவறது, இல்லாத மேகத்த உருவாக்காது, ஏற்கனவே இருக்கற மேகத்துல இருந்து கொஞ்சம் கூடுதலா இறக்கலாம், அதுவும் எப்பவும் பலிக்காது. அந்த அளவு மழைய வரவழைக்கற சக்தி மனுஷன் கையில இருந்தா பாலைவனம் எல்லாம் எப்பவோ வயலா ஆயிருக்கும்.

கேள்வி: அப்ப எல்லா ஆத்துலயும் வெள்ளம் கூடிட்டே போகுமா?

பதில்: மழை கூடறதும் ஆத்துல வெள்ளம் கூடறதும் ஒண்ணு இல்ல, இங்க விஞ்ஞானிங்களும் ஜாக்கிரதையாத்தான் பேசறாங்க. பெரிய ஆறுன்னா அதோட நீர்ப்பிடிப்பு ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர், அது நிரம்பணும்னா பல நாள் பரவலா பெய்யணும், முன்னாடியே மண்ணு நனைஞ்சிருக்கணும். சூட்டுல மண்ணு காஞ்சு கிடந்தா மழையில ஒரு பங்க அதுவே குடிச்சிடும், ஆத்துக்கு வர்றது குறையும். ஐரோப்பாவுல பல வருஷ பதிவ பார்த்தப்ப வடமேற்கு பக்கம் ஆத்து வெள்ளம் கூடியிருக்கு, தெற்குலயும் கிழக்குலயும் பல இடத்துல குறைஞ்சிருக்கு. பனி உருகி வர்ற வெள்ளம் சில நாடுகள்ல முன்ன விட சீக்கிரமாவே வந்துடுது.

ஆனா சின்ன ஓடை, மலையடிவாரத்து காட்டாறு, நகரத்து கால்வாய், இதுங்களுக்கு அந்த தயவு இல்ல. ரெண்டு மணி நேர மழை போதும், அது நேரா வந்து சேர்ந்துடும், அதுவும் தார் ரோடும் கான்கிரீட்டும் போட்ட இடத்துல குடிக்கறதுக்கு மண்ணே கிடையாது. பெரிய ஆத்தங்கரையில இருக்கறவங்க பயந்து பயந்து பார்த்துட்டே இருப்பாங்க, பேரே இல்லாத ஓடைக்கு பக்கத்துல இருக்கறவங்க அது இருக்கறதையே மறந்துட்டு இருப்பாங்க. இனி ஆபத்து கூடப்போறது இந்த ரெண்டாவது ஆளுங்களுக்குத்தான்.

கேள்வி: மலைப் பகுதில நிலைமை எப்படி?

பதில்: மலையில ரெண்டு மடங்கு கவனம் வேணும். உயரமான இடத்துல பனியா விழ வேண்டியது, சூடு கூடறதால மழையா விழுது. பனியா விழுந்தா மாசக்கணக்குல அங்கயே இருந்து மெதுவா உருகி வரும், மழையா விழுந்தா அப்பவே கீழ வந்துடும். வட அரைக்கோளத்து மலைகள்ல ஒரு டிகிரிக்கு மழை உச்சம் சுமார் 15 சதவீதம் கூடுதுன்னு 2023ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதாவது அந்த 7 சதவீதத்துல ரெண்டு மடங்கு. அதோட பனிப்பாறை உருகி தேங்கற ஏரிங்க வேற. 2023 அக்டோபர்ல சிக்கிம்ல தெற்கு லோனாக் ஏரி உடைஞ்சு, டீஸ்டா ஆத்துல சுங்தாங் அணையையே அடிச்சிக்கிட்டு போச்சு. மலைச்சரிவ வெட்டி ரோடு போட்டு, வெட்டின மண்ண ஓடையில கொட்டற வேலைய இதுக்கு மேலயும் பண்ணிட்டு இருக்கறத பார்த்தா வயிறு எரியுது.

கேள்வி: கடலோரத்துல?

பதில்: மழைத்தண்ணி வடிய வேண்டிய இடமே உசந்துட்டு வருது, அதுதான் பிரச்சனை. 1901ல இருந்து 2018க்குள்ள உலக கடல்மட்டம் சராசரியா 20 செ.மீ. ஏறியிருக்கு, இப்ப ஏறற வேகம் முன்ன விட கூட. பெருமழையும் கடல் ஏத்தமும் ஒரே நேரத்துல வந்தா கால்வாய் முகத்துவாரத்துல தண்ணி வெளிய போகாது, சில நேரம் கடல் தண்ணி உள்ள வரும். வடிகால் சுத்தமா இருந்தும் ஏன் வடியலன்னு கேட்கறவங்களுக்கு பல ஊர்ல பதில் இதுதான்.

கேள்வி: வடிகால இன்னும் பெருசா கட்டிட்டா தீர்ந்துடாதா? ஏன் இதப்போய் இவ்வளவு சிக்கலாக்கறீங்க?

பதில்: கட்டணும், வேணாம்னு சொல்லல. ஆனா எவ்வளவு பெருசா? சீனாவுல செங்சோ நகரத்துல 2021 ஜூலை 20ல ஒரே மணி நேரத்துல 201.9 மி.மீ. பெய்ஞ்சுது. எளிமையான கணக்கு ஒண்ணு சொல்றேன், ஒரு சதுர மீட்டர்ல 1 மி.மீ. பெய்ஞ்சா 1 லிட்டர். அப்ப ஒரு சதுர கிலோமீட்டர்ல 200 மி.மீ.ன்னா 20 கோடி லிட்டர், ஒரு மணி நேரத்துல! இத விழுங்கற குழாய எந்த நகரத்தாலயும் பூமிக்குள்ள புதைக்க முடியாது. அன்னிக்கு அங்க சுரங்க ரயிலுக்குள்ள தண்ணி புகுந்து 14 பேர் இறந்தாங்க. தண்ணிய உறிஞ்சற ஸ்பாஞ்ச் நகரமா மாத்தறோம்னு சீனா போட்ட திட்டத்துல அந்த நகரமும் வேலை பார்த்துட்டுதான் இருந்துச்சு, அதுக்கும் ஒரு அளவுக்கு மேல தாங்காது.

அதனால குழாய்க்குள்ள அடங்காத தண்ணி எந்த வழியா போகட்டும், எங்க போய் நிக்கட்டும்னு முன்னாடியே நாம முடிவு பண்ணி வைக்கணும். டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன்ல 2011 ஜூலை 2ல ரெண்டு மணி நேரத்துல 150 மி.மீ. கிட்ட கொட்டி நகரமே ஸ்தம்பிச்சுது. அடுத்த வருஷமே அவங்க ஒரு திட்டம் போட்டாங்க, குழாய மட்டும் நம்பாம, சில தெருக்கள பெருமழை நேரத்துல வாய்க்காலா ஓடற மாதிரி சரிவு மாத்தறது, பூங்காக்கள பள்ளமாக்கி தண்ணி தேக்கறதுன்னு. ஒரே ஒரு பூங்காவுல மட்டும் 2 கோடி லிட்டருக்கு மேல நிக்கும், மத்த நாள்ல அதுலதான் பசங்க விளையாடறாங்க. நெதர்லாந்துல 1993, 1995 ரெண்டு வருஷமும் ஆறு பெருகி, 1995ல ரெண்டரை லட்சம் பேர அப்புறப்படுத்த வேண்டியதாச்சு. கரைய இன்னும் உசத்தலாம்னுதான் முதல்ல தோணும், அவங்க பல இடத்துல கரைய ஆத்துல இருந்து தள்ளி, நிலத்துப் பக்கமா கட்டி ஆத்துக்கு இடம் விட்டாங்க, அதுக்காக சில விவசாயிங்க வீடு வாசல விட்டு நகர வேண்டி வந்துச்சு, நஷ்டஈடு கொடுத்தாங்க. வலி இல்லாம நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா யாரோட நிலத்துல தண்ணி நிக்கணும்ங்கறத பேசி முடிவு பண்ணாட்டி, அது எப்பவும் பேச முடியாதவங்க வீட்டுலதான் போய் நிக்கும், தாழ்வான இடத்துல வாடகை கம்மின்னு குடியிருக்கறவங்க வீட்டுல.

சதுப்பு நிலம், குளம், ஏரி, ஆத்தோட வெள்ளச் சமவெளி இதெல்லாம் செலவில்லாம இருக்கற கொள்ளளவு. இருக்கறத காப்பாத்தறது புதுசா கட்டறத விட எப்பவும் சல்லிசு.

கேள்வி: இவ்வளவு சேட்டிலைட் இருந்தும் எந்த ஏரியால எத்தனை மணிக்கு கொட்டும்னு ஏன் சொல்ல முடியல?

பதில்: ஒரு வட்டாரத்துல நாளைக்கு பெருமழைக்கு வாய்ப்புன்னு சொல்லலாம், சொல்றாங்க. ஆனா கொட்டற மேகக்கூட்டம் சில கிலோமீட்டர் அகலம்தான், சில மணி நேரம்தான் உயிரோட இருக்கும், அது இந்தத் தெருவா அடுத்த ஊராங்கறது கடைசி நேரத்துலதான் ராடார்ல தெரியும். இத குறையா பார்க்காதீங்க. எனக்கு குறையா படறது சொன்னதுக்கு அப்புறம் நடக்கறதுதான். வாலென்சியாவுல வானிலைத் துறை அன்னிக்கு காலையிலயே சிவப்பு எச்சரிக்கை கொடுத்துட்டாங்க, மக்களோட போனுக்கு எச்சரிக்கை போனது ராத்திரி எட்டு மணிக்கு மேல, அதுக்குள்ள பல ஊர்ல தண்ணி கழுத்துக்கு வந்திருச்சு. இதுக்கு நேர்மாறா வங்கதேசத்த பாருங்க, 1970 புயல்ல கடல் பொங்கி மூணு லட்சம் பேருக்கு குறையாம இறந்தாங்க, அதுக்கப்புறம் ஊர் ஊரா தன்னார்வலர்கள், சைக்கிள்ல மெகாபோன், புயல் காப்பிடம்னு அம்பது வருஷமா கட்டிக்கிட்டே வந்தாங்க, 2020ல ஆம்பன் புயல் வந்தப்ப அங்க இறந்தவங்க சில பத்து பேர். பணக்கார நாடு கோட்டை விட்டுச்சு, ஏழை நாடு சாதிச்சுது, கடைசி வீடு வரைக்கும் சேதி போய் சேர்ந்ததாலதான் அது முடிஞ்சுது.

கேள்வி: தனி ஆளா நான் என்ன பண்றது?

பதில்: உங்க வீடு சுத்துவட்டாரத்த விட பள்ளமா மேடான்னு தெரிஞ்சு வைங்க, தண்ணி வந்தா எந்த பக்கம் இருந்து வரும், எந்த வழியா வெளியேறலாம்னு வீட்டுல எல்லாரும் ஒரு தடவை நடந்து பாருங்க. பத்திரம், சான்றிதழ் எல்லாம் ஒரே பையில, உசரத்துல. சாக்கடை வழியா தண்ணி திரும்ப வீட்டுக்குள்ள ஏறும்னா, தண்ணிய வெளிய மட்டும் விடற நான்-ரிட்டர்ன் வால்வு போடலாம். தண்ணி பிளக் உசரத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே மெயின் சுவிட்ச அணைச்சிடுங்க, தண்ணில நின்னுக்கிட்டு தொடாதீங்க.

ரெண்டு விஷயத்த மட்டும் கெஞ்சி கேட்டுக்கறேன். அடித்தள பார்க்கிங்ல தண்ணி வரும்போது காரயோ பைக்கயோ எடுக்க கீழ போகாதீங்க, வாலென்சியாவுல நிறைய பேர் அப்படித்தான் உயிர விட்டாங்க. ஓடற தண்ணில நடக்காதீங்க, வண்டியும் ஓட்டாதீங்க, வேகமா ஓடற தண்ணி 15 செ.மீ. இருந்தா பெரிய ஆளையே தள்ளிடும், 30 செ.மீ.ல சின்ன கார் மிதக்க ஆரம்பிச்சிடும், 60 செ.மீ. இருந்தா பெரும்பாலான வண்டிகள இழுத்துட்டு போயிடும். முழங்கால் அளவுதானேன்னு இறங்கினவங்கதான் பல பேர்.

கேள்வி: இப்பவே கரியமில வாயுவ நிறுத்திட்டா மழை பழையபடி ஆயிடுமா? இல்லன்னா எதுக்கு நிறுத்தணும்?

பதில்: பழையபடி ஆகாது, மறைக்காம சொல்லிடறேன். நாம விடற கரியமில வாயுவும் திரும்ப உறிஞ்சி எடுக்கறதும் சமமாகி நிகர உமிழ்வு பூஜ்ஜியம் ஆனா வெப்பம் ஏறறது ஏறக்குறைய நின்னுடும், ஆனா இறங்காது, மழையும் அந்த புது நிலையிலயே இருக்கும். கடல்மட்டம் அதுக்கப்புறமும் நூற்றாண்டு கணக்குல ஏறும்.

ஆனா எங்க நிறுத்தறோம்ங்கறதுல பெரிய வித்தியாசம் இருக்கு. தொழிற்புரட்சிக்கு முன்னாடி நிலப்பகுதில பத்து வருஷத்துக்கு ஒருக்கா வந்த ஒரு நாள் பெருமழை, ஒரு டிகிரி சூட்டுல பத்து வருஷத்துக்கு 1.3 தடவை வருதுன்னு ஐபிசிசி கணக்கு. 1.5 டிகிரில 1.5 தடவை, 2 டிகிரில 1.7, 4 டிகிரின்னா 2.7 தடவை. வரும்போது கொட்டற அளவும் 4 டிகிரில 30 சதவீதம் கூட இருக்கும். 2 டிகிரி உலகத்துக்கு கஷ்டப்பட்டாவது வடிகால், பூங்கா, எச்சரிக்கைன்னு ஏற்பாடு பண்ணிடலாம். 4 டிகிரி உலகத்துக்கு என்ன கட்டினாலும் பத்தாது. ஒவ்வொரு அரை டிகிரிக்கும் சண்டை போடறது இதுக்குத்தான், எல்லாம் போச்சுன்னு கைய விரிக்கறவங்க பேச்ச நம்பாதீங்க.

கேள்வி: நான் எட்டாவது படிக்கறேன். வீட்டுலயே மழை அளக்கலாமா? விஞ்ஞானிங்களுக்கு அது உபயோகப்படுமா அங்கிள்?

பதில்: தாராளமா அளக்கலாம்டா தம்பி. பக்கம் நேரா இருக்கற ஒரு பாட்டில எடு, மேல் பாகத்த வெட்டி கவுத்து புனல் மாதிரி வை, வெட்டும்போது பெரியவங்கள கூட வச்சிக்கோ. அடிப்பக்கம் மேடு பள்ளமா இருந்தா நேரான பாகம் வரைக்கும் கூழாங்கல்லும் தண்ணியும் ஊத்தி அத பூஜ்ஜியம்னு கோடு போடு, அதுக்கு மேல ஸ்கேல் வச்சு மி.மீ. குறிச்சுக்கோ. திறந்த வெளியில வை, பக்கத்துல மரமோ சுவரோ இருந்தா அதோட உசரத்துல ரெண்டு மடங்கு தூரம் தள்ளி வை. தினமும் ஒரே நேரத்துல பார்த்து எழுது, மழை இல்லாத நாள்லயும் பூஜ்ஜியம்னு எழுதணும், அத விட்டுட்டா எத்தனை நாள் காஞ்சு கிடந்துச்சுன்னு அப்புறம் தெரியாது. முக்கியமா, பலமா பெய்யும்போது எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது, எப்ப நின்னுச்சு, அரை மணிக்கு ஒருக்கா எவ்வளவு ஏறியிருந்துச்சுன்னும் ஜன்னல் வழியா பார்த்து குறிச்சு வை, இடி மின்னல் இருந்தா வெளிய போகாத. ஒரு நாள் மொத்தம் தெரியற ஊர் நிறைய இருக்கு, அரை மணி நேர கணக்கு இருக்கற ஊர் கம்மி, உன் பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர்கிட்ட சொல்லி ஒவ்வொரு தெருவுலயும் ஒரு பையனோ பொண்ணோ இத செய்யற மாதிரி பண்ண முடியுமான்னு கேட்டுப் பாரு.